ஹார்ட் டிஸ்க் இல்லாத கணினி எழும்புவது எப்படி? பூட் சேர்வரும் ரூட் சேர்வரும்

பழைய கணினி ஒன்றின் பக்கத் தகட்டைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் இரண்டு வயர்களையும் பிடுங்கிவிட்டு, பின்பக்கத்தில் நெட்வேர்க் கேபிளை மட்டும் செருகி சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். வலையமைப்பு வழியாக எழும்பும் வசதி பயோஸில் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் தாய்ப்பலகை நிரலில்) திறந்திருந்தால் திரையில் சில வரிகள் வரும். முதலில் நெட்வேர்க் கார்டின் பெயர், அதன் கீழே கார்டின் தனி அடையாளமான, பன்னிரண்டு எழுத்து கொண்ட மாக் முகவரி, அதற்கும் கீழே டிஎச்சிபி (வலையமைப்பில் முகவரி கேட்டுப் பெறும் முறை) என்ற சொல். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். ‘இந்தக் கேபிளின் மறுமுனையில் எனக்கு வழிகாட்ட யாராவது இருக்கிறீர்களா?’ என்று கணினி கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல ஒரு சேர்வரும், வேண்டியதைக் கொடுக்க இன்னொரு சேர்வரும் இருந்துவிட்டால் அந்தக் கணினிக்கு ஹார்ட் டிஸ்க் ஒருநாளும் தேவையில்லை.

மாங்குளத்திலோ மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ இருபது கணினிகளுடன் ஒரு பாடசாலைக் கணினிக்கூடத்தை நடத்துபவருக்கு இந்த வழி ஏன் உகந்தது என்பதை நீட்டி விளக்கத் தேவையில்லை. கோடையில் செம்மண் புழுதி, மாரியில் இடிமின்னல், இரண்டு காலத்திலும் சொல்லாமல் போய்ச் சொல்லாமல் வரும் கரண்ட். கணினிக்குள் எப்போதும் சுழலும் பாகங்கள் காற்றாடியும் ஹார்ட் டிஸ்க்கும்தான். காற்றாடியைத் துடைத்து மீண்டும் போடலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போன டிஸ்க்கில் கோப்பு முறைமை குழம்பினால் கணினியைத் திரும்ப நிறுவத்தான் வேண்டும். இருபது கணினி என்றால் இருபது டிஸ்க், இருபது தடவை நிறுவல், இருபது தடவை மேம்படுத்தல். அத்தனையும் ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருந்தால், தமிழ் எழுத்துருவையும் ரெங்கநாதன் விசைப்பலகையையும் ஒருக்கா நிறுவினாலே இருபது திரையிலும் வந்துவிடும்.

இங்கே சொல்வது முழுவதும் லினக்ஸை வைத்துத்தான். விண்டோஸையும் இப்படி எழுப்பலாம். ஆனால் அதற்கு ஐஸ்கஸி என்ற வேறு முறையும் உரிமக் கணக்கும் வேண்டும். தொடங்குபவர்களுக்கு அது தேவையற்ற சுமை.

விதானையாரும் சங்கக்கடையும்

நிவாரண அட்டை வைத்திருந்த வீடுகளுக்கு இந்த ஒழுங்கு நன்றாகத் தெரியும். விதானையார், அதாவது கிராம அலுவலர், பதிந்து கையொப்பம் வைத்தால்தான் பெயர் பட்டியலில் ஏறும். ஆனால் அவர் வீட்டில் அரிசி மூட்டை கிடையாது. அரிசியும் மாவும் பருப்பும் சங்கக்கடையில், அதாவது கூட்டுறவுக் கடையில், இருக்கும். ‘நீ இன்னார், உன் பங்கு இன்ன கடையில்’ என்று சொல்வதோடு விதானையாரின் வேலை முடிந்துவிடும். வாரம்தோறும் நிறுத்துக் கொடுப்பது கடையின் வேலை.

பூட் சேர்வர் விதானையார். கணினிக்கு ஒரு ஐபி முகவரி கொடுத்து, பணிசெயல் முறைமையின் கருவான கெர்னல் என்ற சிறு மூட்டையைக் கையில் வைத்து, ‘மீதியெல்லாம் இன்ன முகவரியில் கிடைக்கும்’ என்று அனுப்பிவிடும். ரூட் சேர்வர் சங்கக்கடை. பணிசெயல் முறைமையின் அடைவுகள் அனைத்தும், அதாவது லினக்ஸில் ‘ரூட்’ என்று சொல்லும் வேரிலிருந்து கிளைக்கும் முழு மரமும், அங்கேதான் இருக்கிறது. பிள்ளை ஒருவர் உலாவியைத் திறந்தால் அந்த நிரல் அங்கிருந்துதான் வரும். எழுத்துரு ஒன்று வேண்டுமென்றாலும் அங்கிருந்துதான்.

இந்த ஒப்பீட்டில் ஒரு முக்கியமான உண்மை அடங்கியிருக்கிறது. அட்டை கிடைத்தபின் விதானையார் ஊரில் இல்லாவிட்டாலும் கடையில் சாமான் கிடைக்கும். கடை பூட்டினால் அட்டை இருந்தும் பயனில்லை. அதேபோல, எல்லாக் கணினிகளும் எழும்பிய பிறகு பூட் சேர்வரை அணைத்தாலும் பாடம் நடக்கும். முகவரிக் குத்தகை, அதாவது கொடுத்த ஐபி முகவரி செல்லும் காலம், முடியும்வரை யாருக்கும் தெரியவே வராது. ரூட் சேர்வர் நின்றால் இருபது திரையும் அதே நொடியில் உறைந்துவிடும். பழுது பார்க்கும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது: கணினி எழும்பவில்லையா, எழும்பியபின் நின்றதா?

சொற்கள் பற்றி ஒரு சிறு தெளிவு. டிஸ்க் இல்லாத கணினி வேறு, தின் கிளையன்ட் வேறு. ரூட் மரத்தை வலையமைப்பில் எடுத்தாலும் நிரல்களைத் தன் சொந்த சிபியுவிலும் ரம்மிலும் ஓட்டினால் அது டிஸ்க் இல்லாத கணினி. நிரலையும் சேர்வரிலேயே ஓட்டி, படத்தை மட்டும் திரையில் காட்டினால் அது உண்மையான தின் கிளையன்ட். எழும்பும் முறை இரண்டுக்கும் ஒன்றே. இரண்டாவது வகைக்கு 512 எம்பி ரம் போதும். ஆனால் சேர்வருக்கு நல்ல பலம் வேண்டும். முதல் வகையில் உலாவி ஓட ஒவ்வொரு கணினிக்கும் 2 ஜிபியாவது வேண்டும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. இன்று கைமாறிக் கிடைக்கும் பழைய மேசைக்கணினிகளில் பெரும்பாலும் அவ்வளவு இருப்பதால் முதல் வகையே நமக்குப் பொருத்தம்.

அந்த ஒரு நிமிடத்தில் நடப்பது

நெட்வேர்க் கார்டுக்குள் இருக்கும் சின்ன நிரலின் பெயர் பிஎக்ஸ்இ. இன்டெல் நிறுவனம் வகுத்த முறை இது, அதன் 2.1 ஆம் பதிப்பு 1999 இல் வந்தது. அதற்குப் பின் வந்த மேசைக்கணினிகளில் அனேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. பயோஸில் ‘நெட்வேர்க் பூட்’ அல்லது ‘லான் பூட் ரொம்’ என்ற பெயரில் ஒளிந்திருக்கும். அதைத் திறந்து, பூட் ஒழுங்கில் முதலாவதாக வைக்கவேண்டும்.

சுவிட்சைப் போட்டதும் பிஎக்ஸ்இ, ‘நான் ஒரு பிஎக்ஸ்இ கணினி, என் வகை இது’ என்று வலையமைப்பு முழுவதும் கேட்கும்படி கூவுகிறது. டிஎச்சிபி சேர்வர் பதில் தருகிறது. அந்தப் பதிலில் கணினிக்குரிய ஐபி முகவரி, அடுத்து எந்த சேர்வரிடம் போகவேண்டும், அங்கே எந்தக் கோப்பைக் கேட்கவேண்டும் என்ற மூன்றும் இருக்கும். பிறகு டிஎஃப்டிபி என்ற மிக எளிய முறையில், யூடிபி என்ற அனுப்பும் முறையின் 69 ஆம் போர்ட்டில் (இது கேபிள் செருகும் போர்ட் அல்ல, சேவைக்குரிய வாசல் எண்) கேட்டு, அந்தக் கோப்பு இறங்குகிறது. டிஎஃப்டிபியில் கடவுச்சொல் கிடையாது, கோப்புப் பட்டியலும் கிடையாது. பழைய முறைப்படி ஒரு தடவைக்கு 512 பைட் மட்டும் அனுப்பி, ‘கிடைத்தது’ என்ற பதில் வந்தபிறகே அடுத்ததை அனுப்பும். அதனால்தான் அது மெதுவானது.

இறங்கிய கோப்பு ஒரு பூட் லோடர். பழைய பயோஸ் கணினிகளுக்கு பிஎக்ஸ்லினக்ஸ் வழமையானது. அது தன் அமைப்புக் கோப்பைத் தேடும் ஒழுங்கைத் தெரிந்துவைத்திருங்கள். முதலில் கணினியின் தனி அடையாள எண்ணின் பெயரிலும், பிறகு 01 என்ற முன்னொட்டுடன் மாக் முகவரியின் பெயரிலும், பிறகு பதினாறடிமான எண்ணாக எழுதிய ஐபி முகவரியின் பெயரிலும் தேடும். அந்த ஐபியின் கடைசி எழுத்தை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போய், ஒன்றும் கிடைக்காவிட்டால் இறுதியில் ‘டிஃபோல்ட்’ என்ற கோப்பை எடுக்கும். ஒரே ஒரு கணினிக்கு மட்டும் வேறு விதமாக எழும்பச் சொல்லவேண்டுமானால் அதன் மாக் முகவரிப் பெயரில் ஒரு கோப்பு வைத்தால் போதும்.

அமைப்புக் கோப்பு சொல்கிறபடி கெர்னலும் இனிட்ஆர்டியும் இறங்குகின்றன. இனிட்ஆர்டி என்பது வழிச்சாப்பாட்டுப் பொதி: ரூட் மரத்தைப் போய்ச் சேரும்வரை தேவைப்படும் ட்ரைவர்களும் சிறு கருவிகளும் அதில் இருக்கும். கெர்னல் எழும்பி, நெட்வேர்க் கார்டைத் தன் சொந்த ட்ரைவரால் மறுபடி திறந்து, மறுபடி முகவரி கேட்டு, என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறையில் ரூட் சேர்வர் தரும் பகிர்வைத் தன் வேராக ஏற்றிக்கொள்கிறது. பூட் சேர்வரின் வேலை இங்கே முடிகிறது.

எதற்காக இரண்டு சேர்வர்?

ஒரே பெட்டியில் இரண்டு வேலையையும் செய்யலாம். ஐந்தாறு கணினி மட்டும் என்றால் அப்படியே செய்யுங்கள். இருபதுக்குப் போகும்போது கணக்கைப் பார்ப்பது நல்லது.

கெர்னலும் இனிட்ஆர்டியும் சேர்த்து 70 எம்பி என்று வைத்துக்கொள்வோம். இருபது கணினிக்கு 1,400 எம்பி. காலையில் ஒருதடவை, அத்தோடு சரி. இதற்கு ஒரு பழைய இரட்டைக்கோர் கணினி அல்லது ராஸ்பெரி பை போன்ற கைக்கடக்கமான பலகை போதும். ஆனால் ரூட் மரத்திலிருந்து மேசைத்திரை வரும்வரை ஒவ்வொரு கணினியும் 400 எம்பி வாசிக்கிறது என்று வைத்தால் மொத்தம் 8,000 எம்பி. சேர்வரின் போர்ட் 100 மெகாபிட் என்றால் நொடிக்குச் சுமார் 11.5 எம்பிதான் போகும். எல்லாக் கணினியும் ஒன்றாக எழும்ப 12 நிமிடம் பிடிக்கும். 40 நிமிடப் பாடத்தில் கால்வாசிக்கு மேல் அதிலேயே போய்விடும். அதே போர்ட் கிகாபிட் என்றால் நொடிக்கு 110 எம்பி, ஒன்றேகால் நிமிடம். அதனால் காசு செலவழிக்கவேண்டிய இடம் ரூட் சேர்வர்தான்: கிகாபிட் கார்ட், எஸ்எஸ்டி, 8 ஜிபிக்குக் குறையாத ரம். முதலாவது கணினி வாசித்த கோப்பு சேர்வரின் ரம்மில் தங்கிவிடும். மற்றப் பத்தொன்பதும் அதே கோப்பைக் கேட்கும்போது டிஸ்க்கைத் தொடாமலே கொடுத்துவிடும். ரம் ஏன் முக்கியம் என்பதற்கு இதுதான் காரணம்.

கணினிகளின் பக்கம் 100 மெகாபிட் இருந்தாலும் தாங்கும். 400 எம்பி வர 35 நொடிதான். சேர்வர் செருகும் போர்ட்டாவது கிகாபிட்டாக உள்ள நெட்வேர்க் சுவிட்சை (கேபிள்களையெல்லாம் இணைக்கும் பெட்டியை) வாங்குங்கள். 24 போர்ட்டும் கிகாபிட் என்றால் இன்னும் நல்லது. கேபிள் கேட் 5ஈ, ஒரு ஓட்டம் 100 மீற்றருக்கு மேற்படாமல். 305 மீற்றர் பெட்டி ஒன்று இருபது இருக்கைக்கு ஏறக்குறைய சரியாக வரும். கிகாபிட்டுக்கு எட்டு வயரும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். ஆகவே ஒரு வயர் சரியாக அமுங்காத முனை வேலைசெய்வதுபோல் காட்டி, மெதுவான வேகத்துக்கு இறங்கிவிடும். சேர்வர் கேபிளில் இப்படி நடந்தால் கூடம் முழுவதும் மெதுவாகும். காரணத்தை எல்லோரும் வேறெங்கோ தேடுவார்கள். வைஃபையில் பிஎக்ஸ்இ எழும்பாது, அதை நம்பவேண்டாம்.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பிரிப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு. ரூட் சேர்வரைக் கழற்றி எஸ்எஸ்டி மாற்றும்போது பூட் சேர்வரின் அமைப்பு அப்படியே இருக்கும். இன்னொரு ரூட் சேர்வரை வேறு முகவரியில் வைத்தால் பூட் சேர்வரில் ஒரே வரியை மாற்றினால் போதும். கணினி ஒன்றையும் தொடவேண்டியதில்லை.

பூட் சேர்வரை அமைத்தல்

இந்தக் கட்டுரையில் பெயர்களைத் தமிழெழுத்தில் தருகிறோம். அமைப்புக் கோப்புகளில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் தட்டவேண்டும். பூட் சேர்வரின் முகவரி 192.168.10.2, ரூட் சேர்வர் 192.168.10.3 என்று எடுத்துக்கொள்வோம். இரண்டு முகவரியும் நிலையானவையாக இருக்கவேண்டும்.

டிஎன்எஸ்மாஸ்க் என்ற ஒரே நிரல் டிஎச்சிபியையும் டிஎஃப்டிபியையும் சேர்த்துச் செய்யும். அதன் அமைப்புக் கோப்பில் 192.168.10.100 முதல் 192.168.10.150 வரை முகவரி எல்லை, குத்தகை 12 மணிநேரம், டிஎஃப்டிபியைத் திறக்கும் வரி, கோப்புகள் இருக்கும் அடைவு, கொடுக்கவேண்டிய பூட் கோப்பின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். டிஎச்சிபி பதிவுகளை விரிவாக எழுதச் சொல்லும் வரியையும் சேர்த்துவிடுங்கள். பிறகு பழுது தேடும்போது அதுதான் கண்.

பயோஸ் கணினிக்கும், பயோஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ உள்ள கணினிக்கும் ஒரே பூட் கோப்பு சரிவராது. கணினி கூவும்போது டிஎச்சிபியின் 93 ஆவது விருப்பத்தில் தன் வகையைச் சொல்கிறது: 0 என்றால் பழைய பயோஸ், 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. அந்த எண்ணைப் பார்த்து வேறு வேறு கோப்பைக் கொடுக்கும்படி டிஎன்எஸ்மாஸ்க்கில் இரண்டு வரி எழுதலாம். யூஇஎஃப்ஐ கணினியில் செக்கியூர் பூட் திறந்திருந்தால் கையொப்பமிட்ட லோடர்தான் ஏறும். தொடக்கத்தில் அதை அணைத்துவிடுவது சுலபம். பிஎக்ஸ்லினக்ஸின் 5 ஆம் பதிப்பிலிருந்து எல்டிலினக்ஸ்.சி32 என்ற துணைக்கோப்பும் பக்கத்திலேயே இருக்கவேண்டும். அதைப் பிரதி எடுக்க மறந்தால் லோடர் ஏறியதும் அந்தக் கோப்பின் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

இப்போது, தொடங்குபவர்கள் அதிகம் சறுக்கும் இடம். கூடத்தில் ஏற்கனவே இன்ரநெட் ரவுட்டர் ஒன்று இருக்கும், அதுவும் டிஎச்சிபி கொடுக்கும். இரண்டு பேர் முகவரி கொடுத்தால் முந்திப் பதில் சொன்னவரின் சொல் எடுபடும். கணினி ஒருநாள் எழும்பும், மறுநாள் எழும்பாது. ஒன்றில் ரவுட்டரின் டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள். அது முடியாவிட்டால் டிஎன்எஸ்மாஸ்க்கைப் ப்ரொக்சி முறையில் வையுங்கள். அப்போது முகவரியை ரவுட்டரே கொடுக்கும், பூட் தகவலை மட்டும் டிஎன்எஸ்மாஸ்க் சேர்த்துச் சொல்லும்.

அடுத்தது கெர்னலுக்குக் கொடுக்கும் வரி. நான்கு விடயம் அதில் இருக்கவேண்டும்: வேர் என்எஃப்எஸ்ஸில் இருக்கிறது, அது இன்ன முகவரியில் இன்ன அடைவு, ஐபியை டிஎச்சிபியால் எடு, வாசிக்க மட்டும் ஏற்று. சேர்வர்களைப் பிரித்தவர்களுக்கே உரிய பழுது இரண்டாவதில்தான் வரும். என்எஃப்எஸ்ரூட் என்ற இடத்தில் அடைவை மட்டும் எழுதி முகவரியை விட்டுவிட்டால், கெர்னல் டிஎச்சிபி வழியாகத் தெரியவந்த சேர்வரையே ரூட் சேர்வர் என்று நினைத்துக்கொள்ளும். அதாவது விதானையார் வீட்டுக் கதவைத் தட்டி அரிசி கேட்கும். அங்கே என்எஃப்எஸ் இல்லை, கணினி காத்திருந்து நின்றுவிடும். ஒரே பெட்டியில் இரண்டையும் வைத்திருந்தபோது அதே வரி சரியாக வேலைசெய்திருக்கும் என்பதால் சந்தேகமே வராது. 192.168.10.3 என்று முழுமையாக எழுதுங்கள். கூடவே என்எஃப்எஸ் 3 ஆம் பதிப்பு என்றும், யூடிபிக்குப் பதிலாக டிசிபி என்ற அனுப்பும் முறை என்றும் குறிப்பிடுங்கள். டெபியன் குடும்பத்தின் வழமையான இனிட்ஆர்டிக்குள் இருக்கும் சிறிய ஏற்றும் கருவிக்கு 4 ஆம் பதிப்பு தெரியாது. புதிய என்எஃப்எஸ் சேர்வர்களோ யூடிபியை மூடியே வருகின்றன.

ரூட் சேர்வரை அமைத்தல்

ஓர் அடைவுக்குள் முழு லினக்ஸ் மரத்தையும் நிறுவவேண்டும். டெபியனிலும் உபுண்டுவிலும் டெப்பூட்ஸ்ட்ராப் என்ற கருவி அதைச் செய்யும். அந்த அடைவுக்குள் ச்ரூட் செய்து, அதாவது அந்த அடைவையே வேராகக் கொண்டு, நுழைந்து கெர்னல், மேசைச்சூழல், உலாவி, எழுத்துரு எல்லாவற்றையும் நிறுவுங்கள். மேசைச்சூழலுடன் 8 ஜிபிக்குள் அடங்கும். இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் பூட் முறையை என்எஃப்எஸ் என்றும், மொடியூல்களை (கெர்னலில் ஏறும் ட்ரைவர் துண்டுகளை) நெட்பூட் என்றும் மாற்றி, இனிட்ஆர்டியை மறுபடி ஆக்கவேண்டும். பிறகு அந்தக் கெர்னலையும் இனிட்ஆர்டியையும் பூட் சேர்வருக்குப் பிரதி எடுக்கவேண்டும். இரண்டு பெட்டி என்பதால் இந்தப் பிரதி தானாக நடக்காது. ரூட் மரத்தில் கெர்னலை மேம்படுத்திவிட்டு பூட் சேர்வரில் பழையதை விட்டால், கெர்னல் ஒரு பதிப்பு, மொடியூல்கள் வேறு பதிப்பு. கணினி எழும்பும், ஆனால் சத்தம் வராது, யூஎஸ்பி வேலைசெய்யாது. ஒவ்வொரு கெர்னல் மேம்படுத்தலுக்கும் பிறகு பிரதி எடுப்பதை ஒரு சிறு ஸ்கிரிப்டாக எழுதிவையுங்கள்.

பகிர்வுக் கோப்பில் ரூட் அடைவை 192.168.10.0/24 வலையமைப்புக்கு மட்டும், வாசிக்க மட்டும், நோ ரூட் ஸ்குவாஷ் என்ற விருப்பத்துடன் கொடுங்கள். அந்த விருப்பம் இல்லாவிட்டால் கணினியின் ரூட் பயனரை (இங்கே ரூட் என்றால் முழு அதிகாரம் உள்ள நிர்வாகி) சேர்வர் யாரோ வழிப்போக்கனாகப் பார்க்கும். கடவுச்சொற் கோப்பை வாசிக்க விடாது, ஒருவரும் உள்நுழைய முடியாது. அந்த வலையமைப்பில் கேபிள் செருகும் எவரும் மரத்தை வாசிக்கலாம் என்பதையும் மறக்கவேண்டாம். வைஃபைக் கடவுச்சொல்லோ தனிப்பட்ட சாவிகளோ ரூட் மரத்துக்குள் இருக்கக்கூடாது. பாடசாலை அலுவலகக் கணினிகளை இந்த வலையமைப்பில் சேர்க்கவும் கூடாது.

இருபது கணினியும் ஒரே மரத்தில் எழுதினால் ஒன்று எழுதியதை மற்றது அழிக்கும். அதற்காகத்தான் வாசிக்க மட்டும். ஆனால் லினக்ஸ் எழுதாமல் இருக்காது. பதிவுகள், தற்காலிகக் கோப்புகள் என்று எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். ஓவர்லேஎஃப்எஸ் இதைத் தீர்க்கிறது. 2014 இறுதியில் வந்த 3.18 கெர்னலிலிருந்து உள்ளேயே இருக்கிறது. கீழே என்எஃப்எஸ் மரம், மேலே ரம்மில் ஒரு மெல்லிய தாள். எழுதுவதெல்லாம் தாளில் விழும், கணினியை அணைத்தால் தாள் போய்விடும். பிள்ளைகள் எதைக் குழப்பினாலும் அடுத்த தடவை எழும்பும்போது கூடம் புதிதாக இருக்கும். அவர்களுடைய வேலை அழியக்கூடாது அல்லவா? அதற்கு அவர்களுடைய கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவை மட்டும் தனிப் பகிர்வாக, எழுதும் அனுமதியுடன் கொடுங்கள். முடிந்தால் வேறு டிஸ்க்கில் வையுங்கள். வாரம் ஒருக்கா வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். மேலே உள்ள தாள் ரம்மைத் தின்னும், ரம் நிரம்பினால் மீதியை ஸ்வொப்பாக எழுத டிஸ்க்கும் இல்லை. ஆகவே ரம்மையே சுருக்கிப் பாவிக்கும் இசட்ரம்மைத் திறந்துவிடுங்கள்.

மரத்துக்குள் மெஷின்-ஐடி என்ற கோப்பு ஒன்று இருக்கும். அதை வெறுமையாக்கிவிடவேண்டும். நிரம்பியிருந்தால் இருபது கணினியும் ஒரே அடையாளத்தைச் சொல்லும். லினக்ஸின் சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டியின் வலையமைப்புப் பகுதி அந்த அடையாளத்தை வைத்து முகவரி கேட்பதால் இரண்டு மூன்று கணினிக்கு ஒரே ஐபி கிடைத்து, ஒன்று எழும்ப மற்றது விழும்.

எல்டிஎஸ்பி என்ற திட்டம் இவற்றில் பெரும்பகுதியைத் தானே செய்து தரும். 1999 இல் தொடங்கியது, 2019 இல் புதிதாக எழுதப்பட்டது. அதைப் பாவிப்பதில் தவறில்லை, அவசரத்துக்கு அதுதான் நல்ல வழி. ஆனாலும் ஒருதடவை கையால் அமைத்துப் பார்த்தவருக்குத்தான் அது நிற்கும்போது எங்கே நின்றது என்று தெரியும்.

எங்கே நின்றது?

திரையில் கடைசியாக வந்த வரியைக் கைபேசியில் படம் எடுங்கள். அனேகமாக விடை அதிலேயே இருக்கும்.

பிஎக்ஸ்இ-இ61 என்றால் கேபிள். போர்ட்டின் சின்ன விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் சேர்வரைத் தேடிப்போவது வீண். நீண்ட விடுமுறைக்குப் பிறகு போர்ட்டுக்குள் எறும்பும் புழுதியும் அடைத்திருப்பதும் உண்டு. பிஎக்ஸ்இ-இ51 என்றால் டிஎச்சிபிப் பதில் வரவில்லை. பூட் சேர்வரில் பதிவைத் திறந்து, கணினி கூவியது பதிந்திருக்கிறதா பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் நடுவிலிருக்கும் சுவிட்சைச் சந்தேகியுங்கள். நிர்வகிக்கக்கூடிய சுவிட்சுகளில் ஸ்பானிங் ட்ரீ என்ற சுற்றுத் தடுப்பு முறை திறந்திருந்தால் கேபிள் விளக்கு எரிந்தபின்னும் 30 நொடி போர்ட் ஊமையாக இருக்கும். அதற்குள் பல கணினிகள் கேட்டுக் களைத்துவிடும். அந்தப் போர்ட்டுகளில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட்டைப் போட்டால் சரி. பிஎக்ஸ்இ-இ53 என்றால் முகவரி கிடைத்தது, பூட் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. அனேகமாக ரவுட்டர் முந்திவிட்டது. பிஎக்ஸ்இ-இ32 என்றால் பெயர் கிடைத்தது, டிஎஃப்டிபி திறக்கவில்லை; சேவை ஓடவில்லை அல்லது ஃபயர்வோல் தடுக்கிறது. 69 ஆம் போர்ட்டை மட்டும் திறந்தால் போதாத சந்தர்ப்பமும் உண்டு, ஏனென்றால் டிஎஃப்டிபியின் பதில் வேறொரு போர்ட்டிலிருந்து வரும்.

கெர்னல் ஏறி, எழுத்துகள் ஓடி, நெட்வேர்க் கார்ட் இல்லை என்று நின்றால் குழம்பவேண்டாம். ‘இவ்வளவு நேரமும் வலையமைப்பு வழியாகத்தானே வந்தது?’ என்று தோன்றும். அதுவரை வேலைசெய்தது கார்டுக்குள் இருந்த பிஎக்ஸ்இ. இனிமேல் கெர்னலின் சொந்த ட்ரைவர் வேண்டும், அது இனிட்ஆர்டியில் இல்லை. சில ரியல்டெக் கார்டுகளுக்கு ஃபேர்ம்வெயர்ப் பொதியும் சேர்க்கவேண்டியிருக்கும்.

மேசைத்திரை வரப்போகும் நேரத்தில் சட்டென்று உறைந்தால் வலையமைப்பு இணைப்பைக் கவனிக்கும் நெட்வேர்க்மனேஜர் என்ற நிரலைப் பாருங்கள். அது எழும்பியதும் கார்டைத் தன் பொறுப்பில் எடுத்து, ஒருக்கா இறக்கி ஏற்றப் பார்க்கும். இறக்கிய கணத்தில் கணினியின் வேரே அறுந்துவிடும். ஏற்றுவதற்கான நிரலும் அந்த வேரில்தான் இருக்கிறது. அந்தக் கார்டைத் தொடவேண்டாம் என்று அதன் அமைப்பில் எழுதிவிடுங்கள்.

பழைய கணினிகளுக்கே உரிய ஒரு பழுது: நேற்று எழும்பியது இன்று ‘டிஸ்க் இல்லை’ என்கிறது, கடிகாரமும் பல வருடம் பின்னால் நிற்கிறது. தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 வட்ட பற்றரி தீர்ந்து, இரவில் கரண்ட் போனதும் பயோஸ் அமைப்பு தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்கும். 3 வோல்ட் பற்றரி ஒன்று போட்டு நெட்வேர்க் பூட்டை மறுபடி திறந்தால் தீர்ந்தது. கைமாறிய கணினிகள் என்றால் இருபதுக்கும் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

கரண்டும் இடியும்

யூபிஎஸ் கணினிகளுக்கு வேண்டாம், இரண்டு சேர்வருக்கும் சுவிட்சுக்கும் போதும். 650 விஏ யூபிஎஸ் ஒன்று இந்த மூன்றையும் ஒழுங்காக அணைக்கும் அளவு நேரம் தாங்கும். சுவிட்சை விட்டுவிட்டுச் சேர்வருக்கு மட்டும் கொடுப்பவர்கள் உண்டு, அது பிழை. ரூட் சேர்வர் ஒரு நிமிடம் காணாமற்போனால் கணினிகள் ‘சேர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்’ என்று காத்திருக்கும். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். ரூட் சேர்வரை மட்டும் மெதுவாக மறுபடி எழுப்பினாலும் பிள்ளைகளின் திறந்த பக்கம் அப்படியே இருப்பதை நீங்கள் பார்க்கலாம்.

கரண்ட் திரும்பும்போது ஒழுங்கு முக்கியம்: முதலில் சுவிட்ச், பிறகு ரூட் சேர்வர், பிறகு பூட் சேர்வர், கடைசியில் கணினிகள், அவற்றையும் ஐந்து ஐந்தாக. பூட் சேர்வரைப் பிந்தி எழுப்புவதற்குக் காரணம் உண்டு: கடை திறக்குமுன் அட்டை கொடுத்தால் எல்லோரும் பூட்டிய கதவுக்கு முன்னால்தான் நிற்பார்கள். மாரி இடிக்காலத்தில் பின்னேரம் கூடத்தைப் பூட்டும்போது மின்செருகியோடு, வெளியிலிருந்து ரவுட்டருக்கு வரும் தொலைபேசி வயரையும் கழற்றுங்கள். மின்னல் மின்கம்பியால் மட்டும் வருவதில்லை. அந்த வயரால் வந்து சுவிட்சைக் கடந்தால் ஒரே அடியில் இருபது போர்ட் போகும்.

மேம்படுத்தும்போது, ஓடிக்கொண்டிருக்கும் மரத்தில் கைவைக்கவேண்டாம். ரூட் மரத்தை வேறு பெயரில் பிரதி எடுத்து, அந்தப் பிரதிக்குள் ச்ரூட் செய்து மேம்படுத்தி, புதிய கெர்னலையும் இனிட்ஆர்டியையும் வேறு பெயரில் பூட் சேர்வரில் வையுங்கள். பிறகு ஒரே ஒரு கணினியின் மாக் முகவரிப் பெயரில் அமைப்புக் கோப்பு எழுதி, அதைப் புதிய மரத்துக்கு அனுப்புங்கள். இரண்டு மூன்று நாள் அந்த இருக்கையில் பிள்ளைகள் வழமைபோல வேலைசெய்யட்டும். சத்தம், பிரின்டர், தமிழ்த் தட்டச்சு எல்லாம் சரியென்றால் ‘டிஃபோல்ட்’ கோப்பில் அடைவின் பெயரையும் இரண்டு கோப்பின் பெயரையும் மாற்றுங்கள். பழைய மரத்தை அடுத்த தவணை தொடங்கும்வரை அழிக்கவேண்டாம், 8 ஜிபிதானே.